விண்வெளியில் உடல் எதையெல்லாம் கைவிடுகிறது?

1970 ஜூன் மாதம் சோவியத் விண்வெளி வீரர்கள் ஆண்ட்ரியான் நிக்கோலாயேவும் விட்டாலி செவஸ்தியானோவும் சோயுஸ் 9 கலத்தில் ஏறக்குறைய 18 நாட்கள் பூமியைச் சுற்றிவிட்டுத் தரையிறங்கினார்கள். அதுவரை யாரும் அத்தனை நாட்கள் தொடர்ந்து விண்வெளியில் இருந்ததில்லை. கதவு திறந்தபோது இருவராலும் தாங்களாக வெளியே வர முடியவில்லை. எழுந்து நிற்பதே பெரும்பாடாக இருந்தது. பழையபடி நடமாட அவர்களுக்குப் பல நாட்கள் பிடித்தது.

1995 மார்ச்சில் இன்னொரு தரையிறக்கம். வலேரி போல்யாகோவ் என்ற மருத்துவர் மிர் என்ற ரஷ்ய விண்வெளி நிலையத்தில் 437 நாட்கள் தங்கிவிட்டுத் திரும்பினார். ஒரே பயணத்தில் அவ்வளவு நாள் விண்வெளியில் இருந்தவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை. கலத்தை விட்டு வந்ததும் சற்றுத் தள்ளிப் போட்டிருந்த நாற்காலிவரை அவர் நடந்தே போனார். நீண்ட பயணத்துக்குப் பிறகு செவ்வாயில் இறங்கும் மனிதரால் அங்கே வேலை செய்ய முடியும் என்று காட்ட விரும்பினார்.

18 நாட்களில் நிற்க முடியாமல் போன மனித உடல், 437 நாட்களுக்குப் பிறகு எப்படி நடந்தது? இடைப்பட்ட 25 ஆண்டுகளில் நடந்த ஆராய்ச்சிதான் காரணம். அந்த ஆராய்ச்சி கற்றுத்தந்ததை ஒரு வரியில் கேட்டால் இப்படிச் சொல்வேன்: விண்வெளியில் உடல் பழுதாவதைவிடப் பழகிக்கொள்வதுதான் அதிகம். எடையைச் சுமக்க வேண்டியதில்லை என்று தெரிந்ததும், எடையைச் சுமப்பதற்காக வைத்திருந்தவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிடத் தொடங்குகிறது. அங்கேயே இருக்கும்வரை அதில் பெரிய தொல்லை இல்லை. திரும்பி வரும்போதுதான் சிக்கல். இதை மனதில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான விவரங்கள் எளிதாகப் புரியும். இதற்குள் அடங்காத விஷயங்களும் உண்டு. முக்கியமானவை கண்ணும் கதிர்வீச்சும். அவற்றுக்குப் பிறகு வருவோம்.

எடை எங்கே போகிறது?

முதலில் ஒரு பொதுவான குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு விசை இல்லாததால்தான் வீரர்கள் மிதக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். சர்வதேச விண்வெளி நிலையம் இருப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான். அங்கே பூமியின் ஈர்ப்பு தரைமட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. 400 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி அதன் உச்சியில் 70 கிலோ எடையுள்ள ஒருவரை எடைபோட்டால் 62 கிலோ காட்டும்.

அப்படியானால் ஏன் மிதக்கிறார்கள்? நிலையம் பூமியை நோக்கி விழுந்துகொண்டே இருக்கிறது. அதே நேரத்தில் பக்கவாட்டில் மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. விழும் அளவுக்குப் பூமியின் பரப்பும் வளைந்து விலகிவிடுவதால் தரையைத் தொடுவதே இல்லை. 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றி வந்துவிடுகிறது. நிலையமும் அதற்குள் இருக்கும் மனிதர்களும் ஒரே வேகத்தில் சேர்ந்து விழுவதால் எதுவும் எதையும் அழுத்துவதில்லை. காலைத் தரை மேல்நோக்கித் தள்ளுவதில்லை. நாம் எடை என்று உணர்வது அந்தத் தள்ளலைத்தான். அது இல்லாமல் போவதைத்தான் எடையின்மை என்கிறோம்.

பிறந்து நிற்கப் பழகிய நாளிலிருந்து அந்தத் தள்ளலை நம் உடல் ஒரு நொடிகூட மறந்ததில்லை. எலும்பு, தசை, ரத்தக் குழாய், காது எல்லாமே அது இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் வேலை செய்கின்றன.

முதல் நாட்கள்

முதலில் குழம்புவது காது. உட்செவியில் கால்சியம் கார்பனேட்டால் ஆன மிக நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. தலையைச் சாய்த்தால் அவை ஈர்ப்பின் திசையில் சரியும். அவற்றுக்கு அடியில் உள்ள மயிரிழை செல்கள் அந்தச் சரிவை உணர்ந்து மூளைக்குச் சொல்லும். எது மேல், எது கீழ் என்பது அப்படித்தான் நமக்குத் தெரிகிறது. எடையின்மையில் அந்தப் படிகங்கள் சரிவதில்லை. கண் ஒன்று சொல்ல, காது வேறொன்று சொல்ல, மூளை தடுமாறுகிறது. குமட்டல், தலைசுற்றல், வாந்தி.

யூரி ககாரின் இதைச் சந்திக்கவில்லை. அவருடைய பயணம் 108 நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவருக்கு அடுத்து 1961 ஆகஸ்டில் வோஸ்டாக் 2 கலத்தில் ஒரு நாளுக்கும் மேல் சுற்றிய கெர்மன் டிட்டோவ்தான் முதன்முதலில் விண்வெளியில் குமட்டலுக்கு ஆளானவர். அப்போது அவருக்கு 25 வயது. 1969ல் அப்போலோ 9 பயணத்தில் ரஸ்டி ஷ்வைக்கார்ட்டுக்கு வாந்தி வந்ததால் அவருடைய விண்நடையையே சுருக்க வேண்டியிருந்தது. தலைக்கவசத்துக்குள் வாந்தி எடுப்பது உயிருக்கே ஆபத்து. முதல்முறை போகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இந்தக் குமட்டல் வருகிறது. ஆனால் இரண்டு மூன்று நாட்களில் அடங்கியும் விடுகிறது. காதிலிருந்து வரும் செய்தியை ஒதுக்கிவிட்டுக் கண்ணை நம்ப மூளை பழகிக்கொள்கிறது. அப்புறம் சுவரும் கூரையும் ஒன்றாகிவிடும்.

இதே நாட்களில் முகமும் மாறுகிறது. தரையில் நிற்கும்போது ரத்தமும் மற்ற நீர்மங்களும் காலை நோக்கி இறங்கப் பார்க்கின்றன. அவற்றை மேலே அனுப்பக் காலின் ரத்தக் குழாய்களும் தசைகளும் ஓயாமல் பாடுபடுகின்றன. எடை மறைந்ததும் கீழே இழுப்பது நின்றுவிடுகிறது, மேலே அனுப்பும் ஏற்பாடு மட்டும் தொடர்கிறது. கால்களிலிருந்து சுமார் 2 லிட்டர் வரை நீர்மம் மேல்நோக்கி நகர்கிறது. முகம் உப்பிப்போகும், மூக்கு அடைத்துக்கொள்ளும், கால்கள் மெலிந்துவிடும். நிலையத்திலிருந்து வரும் படங்களில் வீரர்களின் முகம் பூசினாற்போல் தெரிவது இதனால்தான்.

இதயத்துக்கும் பெரிய நாளங்களுக்கும் நீர்மம் கூடுதலாக வந்து சேர்வதால், ரத்தம் தேவைக்கு அதிகமாக இருக்கிறது என்று உடல் கணக்குப் போடுகிறது. சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பத்து முதல் பதினைந்து சதவீதம் குறைத்துவிடுகிறது. அங்கே அந்த அளவே போதும். தரைக்கு வந்ததும் போதாது. எழுந்து நின்றால் ரத்தம் காலுக்கு இறங்கும், மூளைக்குப் போதிய ரத்தம் கிடைக்காமல் மயக்கம் வரும். அதனால் தரையிறங்குவதற்கு முன்பு வீரர்கள் உப்பு மாத்திரைகளும் நிறையத் தண்ணீரும் எடுத்துக்கொள்கிறார்கள். காலையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கும் உடையும் அணிகிறார்கள்.

ரத்தத்தைப் பற்றி இன்னொரு கண்டுபிடிப்பு உண்டு, என்னை மிகவும் கவர்ந்தது. விண்வெளி வீரர்களுக்கு ரத்தசோகை வருவது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்திதான். பிளாஸ்மா குறைந்ததற்கு ஏற்ப முதல் நாட்களில் சிவப்பணுக்களும் குறைகின்றன, அதன் பிறகு நிலைமை சீராகிவிடும் என்று நினைத்தார்கள். கனடாவின் ஒட்டாவாவைச் சேர்ந்த கை ட்ரூடெல் குழு இதை வேறு விதமாக அளந்தது. சிவப்பணுவில் உள்ள ஹீம் மூலக்கூறு ஒன்று சிதையும்போது ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு உண்டாகும், அது மூச்சில் வெளியேறும். ஆகவே மூச்சுக்காற்றைப் பிடித்து அளந்தால் எத்தனை சிவப்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிடலாம். 14 வீரர்களின் மூச்சை அப்படிச் சேகரித்தார்கள். 2022ல் முடிவு வெளியானது. தரையில் நம் உடல் நொடிக்கு 20 லட்சம் சிவப்பணுக்களை அழித்துப் புதிதாக 20 லட்சம் உண்டாக்குகிறது. விண்வெளியில் அழிவு நொடிக்கு 30 லட்சம். அதுவும் முதல் வாரத்தோடு நிற்காமல் 6 மாதப் பயணம் முழுக்கத் தொடர்ந்தது. திரும்பி வந்து ஓராண்டு ஆன பிறகும் அழிவு வேகம் பழைய அளவுக்கு இறங்கவில்லை. ஊசியில்லாமல், ஒருவர் விட்ட மூச்சிலிருந்து இவ்வளவையும் தெரிந்துகொள்ள முடிந்திருக்கிறது!

எலும்பும் தசையும்

பயணம் நீளும்போது மருத்துவர்களை அதிகம் கவலைப்பட வைப்பவை இவை இரண்டும்.

எலும்பை மாறாத ஒரு பொருளாக நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு பக்கம் இடித்துக்கொண்டும் மறுபக்கம் கட்டிக்கொண்டும் இருக்கும் வீடு. ஒருவகைச் செல்கள் பழைய எலும்பைக் கரைக்கின்றன, இன்னொரு வகைச் செல்கள் புதிதாக உண்டாக்குகின்றன. எங்கே கரைப்பது, எங்கே சேர்ப்பது என்று முடிவெடுப்பதில் எலும்புக்குள்ளேயே புதைந்திருக்கும் மூன்றாவது வகைச் செல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எலும்பின் மேல் விழும் சுமையை அவை உணர்கின்றன. சுமை அதிகம் விழும் இடத்தில் எலும்பு தடிக்கும், விழாத இடத்தில் மெலியும். எலும்பு தன் மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதை ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892லேயே எழுதிவிட்டார்.

விண்வெளியில் இடுப்பு, தொடை, கால், முதுகெலும்பு எதன் மேலும் எடை விழுவதில்லை. கரைப்பது கூடுகிறது, கட்டுவது அதற்கு ஈடுகொடுப்பதில்லை. தகுந்த உடற்பயிற்சி இல்லாவிட்டால் இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் குறைகிறது. வயதானவர்கள் ஓராண்டில் இழப்பதற்குச் சமமான அடர்த்தியை இவர்கள் ஒரே மாதத்தில் இழக்கிறார்கள். கரைந்த கால்சியம் சிறுநீர் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகக் கல் உண்டாகும் வாய்ப்பும் கூடுகிறது. மருத்துவமனைக்கு வெகுதொலைவில் இருக்கும் ஒருவருக்கு அந்த வலி வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

தசையின் கதையும் இதேதான், வேகம் இன்னும் அதிகம். நம்மை நிமிர்ந்து நிற்க வைக்கும் கெண்டைக்கால், தொடை, முதுகுத் தசைகள் முதலில் சுருங்குகின்றன. விண்வெளி நிலையத்தில் காலுக்கு வேலை மிகக் குறைவு, நகர்வதெல்லாம் கையால்தான். ஓரிடத்தில் நிலையாக இருக்க வேண்டுமென்றால் காலைக் கம்பிக்கு அடியில் செருகிக்கொள்வார்கள். அதனால் உள்ளங்காலில் இருந்த தடித்த தோல் உரிந்து மென்மையாகிவிடும், கம்பியில் உரசும் பாதத்தின் மேற்புறம் தடித்துவிடும். உடல் எவ்வளவு துல்லியமாக இடத்துக்கு ஏற்ப மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இதயமும் ஒரு தசைதான். 2021ல் வெளியான ஓர் ஆய்வு, 340 நாட்கள் விண்வெளியில் இருந்த ஸ்காட் கெல்லியின் இதயத்தையும், 2018ல் பசிபிக் கடலை நீந்திக் கடக்க முயன்ற பெனுவா லெகோம்ட்டின் இதயத்தையும் ஒப்பிட்டது. நீரில் கிடைமட்டமாக மிதக்கும்போது இதயம் ஈர்ப்புக்கு எதிராக ரத்தத்தை ஏற்ற வேண்டியதில்லை. லெகோம்ட் ஐந்து மாதங்களுக்கும் மேல், பெரும்பாலான நாட்களில் பல மணி நேரம் நீந்தினார். அப்படி இருந்தும் இருவரின் இதயமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் எடை குறைந்தது. கெல்லியும் சும்மா இருக்கவில்லை, தினமும் உடற்பயிற்சி செய்தவர்தான். இருவருக்குமே இதயம் நன்றாக இயங்கியது. குறைந்த வேலைக்கு ஏற்பக் குறைந்த அளவு, அவ்வளவுதான்.

சரி, தடுப்பது எப்படி? சுமையைத் திரும்பக் கொடுக்க வேண்டும். எடையே இல்லாத இடத்தில் இரும்புக் குண்டுகளைத் தூக்கிப் பயனில்லை. அதனால் வெற்றிட உருளைகளின் இழுவிசையைக் கொண்டு எதிர்ப்பைத் தரும் ஒரு கருவியை நிலையத்தில் வைத்திருக்கிறார்கள். அதில் 270 கிலோ வரைக்கும் சுமையை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்து எழலாம். ட்ரெட்மில்லில் ஓடும்போது மிதந்து போய்விடாமல் இருக்கத் தோளிலும் இடுப்பிலும் வார்ப்பட்டை கட்டி, நீளும் கயிறுகளால் கீழே இழுத்துப் பிடிக்கிறார்கள். சைக்கிளும் உண்டு, இருக்கைதான் கிடையாது. எடை இல்லாதவருக்கு இருக்கை எதற்கு? இதற்கெல்லாம் சேர்த்து ஒவ்வொருவருக்கும் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கியிருக்கிறார்கள்.

பலன் இருக்கிறதா? இருக்கிறது. நிலையத்தில் முதலில் இருந்த எதிர்ப்புக் கருவி அவ்வளவு வலுவானது அல்ல, எலும்பு இழப்பு தொடர்ந்தது. இப்போதுள்ள கருவி வந்த பிறகு, அதில் கடுமையாகப் பயிற்சி செய்து, தேவையான அளவு உணவும் வைட்டமின் டியும் எடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் எலும்பின் கனிம அளவைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்று 2012ல் ஓர் ஆய்வு காட்டியது. எலும்புத் தேய்வுக்குக் கொடுக்கும் மாத்திரையை உடற்பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோதும் நல்ல பலன் கிடைத்தது. ஆனாலும் அடர்த்தி மட்டுமே எலும்பின் வலிமை ஆகிவிடாது. எலும்புக்குள் மெல்லிய வலைபோன்ற உள்ளமைப்பு இருக்கிறது. அதில் ஓர் இழை முழுவதும் அறுந்துவிட்டால் மீண்டும் அதே இடத்தில் முளைப்பதில்லை. 17 வீரர்களைத் திரும்பிவந்து ஓராண்டு வரை தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், 9 பேருக்குக் கணைக்கால் எலும்பின் அடர்த்தி பழைய நிலைக்கு வரவில்லை. உடல் கைவிட்ட எல்லாமே திரும்பக் கிடைத்துவிடுவதில்லை என்பதை இந்த ஆய்வு உணர்த்துகிறது.

எதிர்பாராத இடம்: கண்

2009ல் நிலையத்தில் இருந்தவர்களில் மைக்கேல் பாராட், ராபர்ட் தர்ஸ்க் இருவரும் மருத்துவர்கள். பக்கத்தில் இருப்பதைப் பார்க்க இருவருக்குமே கண் முன்புபோல் ஒத்துழைக்கவில்லை. ஒருவர் கண்ணை மற்றவர் சோதித்தபோது பார்வை நரம்பு கண்ணில் நுழையும் இடம் வீங்கியிருப்பதாகத் தெரிந்தது. 2011ல் 7 வீரர்களைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது: நரம்பு முனையில் வீக்கம், கண்விழியின் பின்புறம் தட்டையாதல், பக்கத்தில் உள்ளவை மங்கலாகத் தெரிதல். விழியின் பின்புறம் தட்டையானால் விழித்திரை முன்னால் வந்துவிடும், அருகில் உள்ளவை தெளிவில்லாமல் போகும். விண்வெளிக்குப் போகும்போது கூடுதல் சக்தியுள்ள மூக்குக்கண்ணாடியையும் எடுத்துப்போவது இப்போது வழக்கம்.

ஏன் இப்படி ஆகிறது? முதலில் தோன்றிய விடை எளிமையானது: நீர்மம் மேலே ஏறுகிறது, மண்டைக்குள் அழுத்தம் கூடுகிறது, அது கண்ணைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. இதைச் சோதிக்க வேண்டுமென்றால் எடையின்மையில் ஒருவரின் மண்டைக்குள் உள்ள அழுத்தத்தை நேரடியாக அளக்க வேண்டும். அதற்காக யார் தலையில் துளையிட முடியும்? ஏற்கெனவே புற்றுநோய் சிகிச்சைக்காகத் தலையில் குழாய் பொருத்தப்பட்டு, பிறகு குணமான சிலர் முன்வந்தார்கள். ஏறி இறங்கிப் பறந்து ஒவ்வொரு முறையும் இருபது நொடி எடையின்மையைத் தரும் விமானத்தில் அவர்கள் பறந்தார்கள். எடையின்மையில் அவர்கள் மண்டைக்குள் அழுத்தம் மிகையாக உயரவில்லை. தரையில் படுத்திருக்கும்போது இருப்பதைவிடக் குறைவாகவும், நிமிர்ந்து இருக்கும்போது இருப்பதைவிட அதிகமாகவும் இருந்தது. அதனால் இப்போது இப்படி யோசிக்கிறார்கள்: தரையில் நாம் தினமும் எழுந்து உட்கார்ந்து நடமாடும் நேரமெல்லாம் மூளைக்கும் கண்ணுக்கும் அழுத்தத்திலிருந்து ஓய்வு கிடைக்கிறது. விண்வெளியில் அந்த ஓய்வு கிடைப்பதே இல்லை. கொஞ்சமான அழுத்தம்தான், ஆனால் மாதக்கணக்கில் இடைவெளியின்றி. நோயிலிருந்து மீண்டவர்கள் முன்பின் தெரியாத விண்வெளி வீரர்களுக்காக அந்த விமானத்தில் ஏறினார்களே, அவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

தலைப்பக்கம் நீர்மம் தேங்குவதால் வந்த இன்னொரு அதிர்ச்சி 2019ல் வெளியே தெரிந்தது. 11 வீரர்களின் கழுத்துச் சிரையை நிலையத்திலேயே அல்ட்ராசவுண்டில் பார்த்த ஆய்வில், 6 பேருக்கு ரத்தம் ஓடாமல் தேங்கியோ எதிர்த்திசையில் ஓடியோ இருந்தது. ஒருவருக்கு ரத்தம் உறைந்து கட்டியே இருந்தது. அவருக்கு எந்த அறிகுறியும் இல்லை, அந்த ஆய்வு நடக்காவிட்டால் தெரிந்திருக்காது. தரையிலிருந்த மருத்துவர்கள் வழிகாட்ட, கையிருப்பில் இருந்த ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசிமருந்தை அளந்து அளந்து பயன்படுத்தினார்கள். பிறகு சரக்குக் கலத்தில் மாத்திரைகள் வந்தன. வீரர் நலமாகத் திரும்பினார். அவர் யார் என்பதை வெளியிடவில்லை, அதுவே சரி.

இவ்வளவு குறைவான பேரை வைத்து எப்படி ஆராய்கிறார்கள்?

ஒரு புது மருந்தைச் சோதிக்க ஆயிரக்கணக்கானோர் வேண்டும். மனித வரலாற்றில் பூமியைச் சுற்றிவந்தவர்கள் எல்லோரையும் சேர்த்தாலே சில நூறு பேர்தான். அவர்களிலும் 6 மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து இருந்தவர்கள் ஒரு பகுதிதான். பெண்களின் எண்ணிக்கை இன்னும் குறைவு. அதனால் தரையிலேயே எடையின்மையைப் போலச் செய்யும் வழி தேவைப்பட்டது.

அந்த வழி படுக்கைதான். விண்வெளியிலிருந்து திரும்பிய சோவியத் வீரர்கள் சிலர், படுத்தால் காலடிப் பக்கமாகச் சரிந்து விழுவதுபோல் இருக்கிறது என்று சொன்னார்கள். படுக்கையின் கால்பக்கத்தை உயர்த்தியதும் அவர்களுக்குச் சமமாகப் பட்டது. தலை தாழ்வாக இருக்கும்படி படுப்பது எடையின்மைக்கு நெருக்கமானது என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பட்டது. இன்று ஜெர்மனியின் கொலோனிலும் பிரான்சின் தூலூசிலும் உள்ள ஆய்வுக்கூடங்களில் தன்னார்வலர்கள் 6 டிகிரி தலைகீழ்ச் சாய்வில் 60 நாட்கள் வரை படுத்தே இருக்கிறார்கள். சாப்பாடு, குளியல், கழிப்பு எல்லாமே படுத்தபடிதான். எலும்பும் தசையும் மெலிவது, இதயம் சுருங்குவது, எழுந்தால் மயக்கம் வருவது ஆகிய எல்லாம் அவர்களுக்கும் நடக்கிறது. ஒரு குழுவுக்கு ஒரு பயிற்சி, இன்னொரு குழுவுக்கு எதுவுமில்லை என்று பிரித்து ஒப்பிட முடிகிறது. விண்வெளியில் இப்படிச் செய்ய முடியாது. நீண்டநாள் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைக் கவனிக்கவும் இந்த ஆய்வுகள் உதவுகின்றன.

இரட்டையர் ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்காட் கெல்லி 2015 மார்ச்சிலிருந்து 340 நாட்கள் நிலையத்தில் இருந்தார். அவருடன் ஒரே கருவில் பிறந்த சகோதரர் மார்க் கெல்லியும் விண்வெளி வீரர்தான், அந்தச் சமயத்தில் தரையில் இருந்தார். இருவரின் ரத்தம், சிறுநீர், மரபணுச் செயல்பாடு எல்லாவற்றையும் ஒப்பிட்ட முடிவுகள் 2019ல் வெளியாயின. ஸ்காட்டின் குரோமோசோம்களின் முனையில் உள்ள டெலோமியர் எனும் பகுதி விண்வெளியில் நீண்டது. வயதாக ஆகக் குறுகும் பகுதி அது, ஆகவே குறுகும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். தரைக்கு வந்த சில நாட்களிலேயே நீளம் மீண்டும் குறைந்தது. அங்கே போட்ட ஃப்ளூ தடுப்பூசி தரையில் போலவே வேலை செய்தது. அவருடைய மரபணுவே 7 சதவீதம் மாறிவிட்டது என்று அப்போது பரபரப்பாகத் தலைப்பு போட்டார்கள். அது தவறு. மரபணுக்கள் மாறவில்லை, எவை எவ்வளவு வேலை செய்கின்றன என்பது மாறியது. அப்படி மாறியவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் தரைக்கு வந்த 6 மாதத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன. அந்த 7 சதவீதம் திரும்பாமல் இருந்த பங்கு. ஒரே ஒருவரை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் இதிலிருந்து பொதுவிதி எதையும் எடுக்கக் கூடாது என்று ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்த எச்சரிக்கை தலைப்புச் செய்தியில் இடம்பெறவில்லை.

பழகிக்கொள்ள முடியாதது

கதிர்வீச்சு வேறு வகை. இங்கே உடலுக்குக் கைவிட எதுவும் இல்லை, அடி வாங்குவது மட்டும்தான். தரையில் காற்று மண்டலமும் பூமியின் காந்தப்புலமும் நம்மைக் காக்கின்றன. இயற்கையாக ஒருவர் ஓராண்டில் பெறும் கதிர்வீச்சு உலகச் சராசரியில் சுமார் 2.4 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு இது). நிலையத்தில் இருப்பவர்கள் சில நாட்களிலேயே அந்த அளவைத் தாண்டிவிடுகிறார்கள். அவர்களுக்காவது காந்தப்புலத்தின் காப்பு ஓரளவு இருக்கிறது. செவ்வாய்க்குப் போகிறவர்களுக்கு அதுவும் கிடையாது. கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போகும் வழியில் தன்னிடமிருந்த கருவியால் அளந்தது: நாளுக்கு ஏறக்குறைய 1.8 மில்லிசீவர்ட். போக 6 மாதம், வர 6 மாதம் என்றால் பயணத்தில் மட்டும் 600 மில்லிசீவர்ட்டைத் தாண்டும். நாசா ஒரு வீரரின் வாழ்நாள் முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பே 600 மில்லிசீவர்ட்தான்.

அளவைவிடத் தன்மைதான் இன்னும் கவலை தருவது. விண்மீன்கள் வெடித்துச் சிதறுவதிலிருந்து வருவதாகக் கருதப்படும் அண்டக் கதிர்களில் இரும்பு போன்ற கனமான அணுக்கருக்களும் இருக்கின்றன. அவை செல்லைத் துளைத்துச் செல்லும்போது டிஎன்ஏவின் இரு இழைகளையும் ஒரே இடத்தில் நெருக்கமாக உடைக்கின்றன. அப்படிப்பட்ட உடைப்பைச் சரிசெய்யும்போது செல் தவறு செய்யும் வாய்ப்பு அதிகம். அப்போலோ 11 பயணத்தில் பஸ் ஆல்ட்ரின் இருட்டில் பளிச்சென்று ஒளிக்கீற்றுகளைக் கண்டார். அவருக்குப் பின் போன வீரர்கள் கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தார்கள். அண்டக் கதிர்கள் விழித்திரையைத் துளைத்ததன் அடையாளம் அது. நியூயார்க்கின் புரூக்ஹேவனில் ஒரு துகள் முடுக்கியைக் கொண்டு இதே வகை அணுக்கருக்களைச் செல்கள் மேலும் எலிகள் மேலும் செலுத்தி ஆராய்கிறார்கள். சூரியனிலிருந்து திடீரென்று பாயும் துகள்களுக்கு ஒரு தடித்த மறைவிடம் போதும். 1972 ஆகஸ்டில், அப்போலோ 16க்கும் 17க்கும் இடையில், அப்படியொரு பெரும் புயல் வந்தது. அப்போது நிலவில் யாரும் இல்லை. அண்டக் கதிர்களுக்கோ கலத்தின் சுவரைத் தடித்துக்கொண்டே போவது தீர்வாகாது. சுவரில் மோதும் கனமான கரு உடைந்து புதிய துகள்களை உள்ளே தெறிக்கவிடும்.

மனதைப் பற்றி ஒரு சொல். மாஸ்கோவில் 2010, 2011 ஆண்டுகளில் 6 பேர் ஒரு மூடிய கூடத்துக்குள் 520 நாட்கள் இருந்தார்கள். அது செவ்வாய்ப் பயணத்தின் ஒத்திகை. மாதங்கள் போகப்போக அவர்கள் நடமாட்டம் குறைந்தது, சிலருக்குத் தூக்கம் குலைந்தது, ஒருவரின் நாள் 25 மணி நேரமாக நீண்டு மற்றவர்களோடு பொருந்தாமல் போனது. எடையும் இருந்தது, கதிர்வீச்சும் இல்லை. ஆனாலும் இவ்வளவு.

செவ்வாய்க்குப் போனால்

போய்வரக் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள். கழுத்தில் ரத்தக்கட்டி வந்தால் மாத்திரை கொண்டுவர சரக்குக் கலம் கிடையாது. மருத்துவரிடம் கேட்ட கேள்வி பூமிக்கு வந்துசேரவே 20 நிமிடத்துக்கு மேல் ஆகும் காலங்கள் உண்டு. இப்போது நிலையத்தில் எலும்பைக் காக்கும் கருவியும் ட்ரெட்மில்லும் செவ்வாய்க் கலத்துக்குள் அடங்கும் அளவில் இல்லை. அவற்றைச் சிறிதாக்குவது இன்று பொறியாளர்களுக்கு உள்ள உண்மையான வேலைகளில் ஒன்று. படுக்கை ஆய்வில் இருப்பவர்களைச் சிறிய சுழல் மேடையில் வைத்துத் தினமும் 30 நிமிடம் சுழற்றி, செயற்கை ஈர்ப்பால் பலன் உண்டா என்றும் பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றும் கேள்வி வேறு. செவ்வாயில் ஈர்ப்பு பூமியினுடையதில் 38 சதவீதம், நிலவில் ஆறில் ஒரு பங்கு. உடல் தன் எலும்பையும் தசையையும் கைவிடாமல் வைத்திருக்க எவ்வளவு எடை போதும்? முழு ஈர்ப்பில் என்ன ஆகும், எடையின்மையில் என்ன ஆகும் என்பது தெரியும், இடைப்பட்ட அளவு மனிதரில் தெரியாது. ஜப்பானிய ஆய்வாளர்கள் நிலையத்தில் எலிகளைச் சுழற்றி நிலவின் ஈர்ப்பை உண்டாக்கிப் பார்த்தார்கள். தசை சுருங்குவது நின்றது. ஆனால் நின்று தாங்குவதற்கான மெதுவான தசைநார்கள் வேகமான வகையாக மாறுவதை அந்த அளவு ஈர்ப்பால் தடுக்க முடியவில்லை. அதாவது அளவுக்கு ஒரு வரம்பு, தன்மைக்கு வேறொரு வரம்பு. மனிதர்களிடமிருந்து இதற்கு நம்மிடம் உள்ள தரவு மிகச் சொற்பம். 1972 டிசம்பரில் அப்போலோ 17 வீரர்கள் இருவர் நிலவில் இருந்த 75 மணி நேரம்தான் அதில் மிக நீளமானது. எலும்பு எதையும் காட்ட அந்த நேரம் போதாது. நிலவில் மாதக்கணக்கில் தங்கும் முதல் குழுவின் இடுப்பு எலும்பு ஸ்கேன் தான் அந்தக் கேள்விக்கான முதல் உண்மையான பதிலாக இருக்கும்.